ஆட்டம் கண்ட லேத்

முதலில் ‘டக்’ என்று ஒரு சத்தம்தான் கேட்டது.

கம்பியைக் கவ்விச் சுழற்றும் சக்கில் 25 மில்லிமீற்றர் இரும்புக் கம்பி ஒன்றை இறுக்கிப் பிடித்திருந்தேன். 2 மில்லிமீற்றர் அகலமான அறுக்கும் உளி மெல்ல மெல்லக் கம்பிக்குள் போய்க்கொண்டிருந்தது. கால்வாசி ஆழம்கூடப் போயிருக்காது. லேத், அதாவது கடைசல் மெஷின், ஒருமுறை உதறியது. மோட்டர் உறுமிக்கொண்டே நின்றது. உளியின் நுனி கம்பிக்குள் கிடக்க, மிச்சம் என் செருப்பில் வந்து விழுந்தது. கோடிப்புறத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்த அம்மா, “என்ன மோனை உடைஞ்சது?” என்று கேட்டார்.

“ஒண்டுமில்லை அம்மா” என்றேன். அந்த மாதத்தில் அது மூன்றாவது ‘ஒண்டுமில்லை’.

லேத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கம்பியின் மேற்பரப்பைக் கடைவது சுலபம். உளி ஒரு பக்கம் மட்டும் வெட்டும், சுருள் வெளியே ஓடிவிடும். கம்பியைக் குறுக்கே அறுத்து எடுப்பது வேறு. ஒல்லியான உளி ஒன்று தன் முழு அகலத்துக்கும் வெட்டிக்கொண்டு ஒரு குறுகிய பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். சுருளுக்கு வெளியேற வழி குறைவு. அந்த நேரத்தில் லேத்தின் ஏதாவது ஒரு பாகம் மயிரிழை அசைந்தால் போதும், உளி கீழே வளைந்து கம்பியின் அடிக்குள் புகும். கம்பி அதன்மேல் ஏறும். அப்புறம் டக். பெரிய லேத் அந்த அசைவைத் தாங்கிக்கொள்ளும். சின்ன லேத் தன்னிடம் உள்ள குறை எல்லாவற்றையும் அந்த ஒரு வினாடியில் சொல்லிவிடும்.

என்னுடையது சின்ன லேத். அடியில் நீளமாகக் கிடக்கும் படுக்கைக்கு மேல் 7 அங்குல விட்டம், நீளம் 14 அங்குலம், எடை 40 கிலோவுக்குக் கிட்ட. சீனாவில் வார்த்து, பல நிறம் பூசி, பல பெயர் ஒட்டி உலகம் முழுக்க விற்கிற அதே லேத்தான். கனடாவில் இருக்கும் மச்சான் வீட்டை விற்று அடுக்குமாடிக்குப் போனபோது, 2019 இல், கப்பல் பெட்டி ஒன்றுக்குள் பழைய உடுப்பு, சொக்கிளேற், போர்வை எல்லாவற்றுக்கும் நடுவில் வைத்து அனுப்பினான். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் பெட்டியைப் பிரித்தபோது லேத்தின் படுக்கைக்கு மேல் ஒரு பால்மா ரின் நசுங்கிக் கிடந்தது. சந்தோசத்தில் பால்மாவை யாரும் கவனிக்கவில்லை.

கனடாச் சாமான் என்பதால் இரண்டு வில்லங்கம் கூடவே வந்தன. ஒன்று, அது 110 வோல்ற் இயந்திரம். எங்களுடையது 230. உள்ளே இருப்பது நேர்மின் (DC) மோட்டர். வருகிற மின்சாரத்தை முதலில் நேர்மின்னாக்கித்தான் மோட்டருக்குக் கொடுக்கிறது. ஆகவே அங்கே 60 ஹேர்ட்ஸ், இங்கே 50 என்பது ஒரு பிரச்சினையே இல்லை. வோல்ற்றை இறக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்று போதும். வாங்கினேன். அதை ஒருநாள் மறந்தபோது என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது வில்லங்கம் வேடிக்கையானது. உளியைக் குறுக்கே நகர்த்தும் கைச்சில்லில் 40 கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு அங்குலத்தின் ஆயிரத்திலொன்று என்று கணக்கு. ஆனால் உள்ளே இருக்கிற திருகோ ஒரு சுற்றுக்குச் சரியாக 1 மில்லிமீற்றர் நகர்கிறது. அது 40 இல்லை, 39.37. அங்குலச் சட்டை போட்ட மில்லிமீற்றர்! பத்துச் சுற்றுச் சுற்றினால் 0.16 மில்லிமீற்றர் காணாமல் போயிருக்கும். நான் முதல் மாதம் முழுக்க என் அளவுகோலைத்தான் சந்தேகப்பட்டேன். இப்போது அந்தச் சில்லின்மேல் வெள்ளை ரேப் ஒட்டி, மில்லிமீற்றர் கணக்கில் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன். அழகில்லை, ஆனால் பொய் சொல்லாது.

சரி, உளி உடைந்த கதைக்கு வருகிறேன்.

மூன்றாவது உளியும் போனபிறகு மல்லாகத்தில் இருக்கும் ஐயாவிடம் போனேன். வயது எழுபதைத் தாண்டியவர். 1950 இல் தொடங்கி 1990 இல் நின்றுபோன காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் இயந்திரப் பட்டறையில் இளவயதில் கடைசல் வேலை செய்தவர். 90 இல் ஊரைவிட்டு வந்தவர், பிறகு வாடகைக் கொட்டில் ஒன்றில் பெரிய பழைய லேத் ஒன்றைப் போட்டு, இறைப்பு மெஷின் அச்சும் உழவு மெஷின் பின்னும் கடைந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். நான் உடைந்த உளிகளைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அவர் அவற்றைப் பார்க்கவேயில்லை.

“உளியை ஏன் கொண்டு வந்தனீர்? உளி என்ன செய்யும், பாவம்.”

“சாணை பிழையோ எண்டு நினைச்சன் ஐயா.”

“சாணை பிழையெண்டால் வெட்டாது. உடையாது. ஆட்டம் எங்கை இருக்கெண்டு பாரும்.” பிறகு என் கையைப் பிடித்து, தன் லேத்தில் இரண்டு பாகங்கள் சேரும் கோட்டின்மேல் என் பெருவிரலை வைத்தார். பாதி விரல் மேல் பாகத்தில், பாதி கீழ்ப் பாகத்தில். “இப்ப உளியைப் பிடிச்சு ஆட்டும்.” ஆட்டினேன். ஒன்றுமே தெரியவில்லை. “தெரியாது. ஏனெண்டால் இஞ்சை ஆட்டம் இல்லை. உம்மடை லேத்திலை ஒவ்வொரு மூட்டிலையும் இப்பிடி விரலை வைச்சுப் பாரும். கண்ணை நம்பாதையும்.”

அன்றிரவு வீட்டில் பாதி மணி நேரம் அந்த லேத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “இஞ்சருங்கோ, உதுக்குக் காய்ச்சலோ?” என்று கேட்டுவிட்டுப் போனாள். உளியின் நுனியில் இருந்து படுக்கை வரைக்கும் எண்ணினால் எத்தனை மூட்டு! உளி, அதைப் பிடிக்கும் கட்டை, அதன் கீழே சின்னச் சறுக்கு, அது திரும்பும் வட்டம், அதன் கீழே குறுக்குச் சறுக்கு, அதன் கீழே நீளப்பாட்டில் ஓடும் வண்டி, கடைசியாகப் படுக்கை. விரல் எல்லா இடத்திலும் ஏதோ ஒன்றைச் சொன்னது. சில இடங்களில் கிசுகிசுத்தது, சின்னச் சறுக்கில் கத்தியது. நெம்புகோல் போல ஒரு மரச்சட்டத்தைக் கொடுத்து நெம்பி, மயிரிழை அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்துப் பார்த்தால் உளியின் நுனி பத்திலொரு மில்லிமீற்றருக்கு மேல் தாழ்ந்தது. நான் அறுக்க நினைத்த ஒவ்வொரு சுருளையும்விட அது தடிப்பு.

முதலில் கை வைத்தது கிப்பில். ஒவ்வொரு சறுக்கின் பக்கத்திலும் ஒல்லியான இரும்புப் பட்டை ஒன்று இருக்கும். திருகாணிகளால் நெருக்கினால் சறுக்கு ஆடாமல் ஓடும். அதைத்தான் கிப் என்கிறோம். என்னுடையதைக் கழற்றிப் பார்த்தால், தொழிற்சாலையில் ஒரு தகட்டை வெட்டி, கிடங்கு போட்டு, அப்படியே உள்ளே தள்ளியிருந்தார்கள். கோணலாக இருந்தது. மூன்று திருகாணியும் மூன்று இடத்தில் தகட்டை வளைத்துக்கொண்டிருந்தன. இறுக்கினால் சறுக்கு நகராது, இளக்கினால் ஆடும். இரண்டுக்கும் நடுவில் ஓரிடம் இல்லவே இல்லை.

தகட்டை நேராக்க வேண்டும். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரிய நீலச் சாயம் பூசிப் பார்ப்பார்கள். எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அப்போதுதான் ஜாம் போத்தல் விளக்கு ஞாபகம் வந்தது. 90களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் வயதுக்காரர் எல்லாரும் அந்த வெளிச்சத்தில்தான் படித்தோம். போத்தலின் அடியில் பஞ்சு, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய், மெல்லிய திரி. காலையில் மூக்கைச் சீறினால் கறுப்பாக வரும். அந்தக் கறுப்புத்தான் எனக்கு வேண்டியிருந்தது. குப்பி விளக்கு ஒன்றை ஏற்றி மேலே ஒரு பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பிடித்தேன். படிந்த புகைக்கரியை இரண்டு துளி தேங்காய் எண்ணெயில் குழைத்தேன். சறுக்கில் மெல்லியதாகப் பூசி, கிப்பை வைத்து ஒருமுறை தேய்த்து எடுத்தால் மேடு இருக்கிற இடத்தில் மட்டும் கறுப்பு ஒட்டியிருக்கும். அந்த இடத்தை அரத்தால் ராவு. துடை. திரும்பப் பூசு. தேய். முதல் நாள் இரண்டு முனையில் மட்டும் ஒட்டியது. மூன்றாம் நாள் நடுவிலும் ஒரு தீவு முளைத்தது. ஐந்தாம் நாள் பட்டை முழுக்கச் சிறுத்தைப் புள்ளி போலக் கறுப்பு. கண்ணாடித் துண்டில் மெல்லிய எமறித் தாளை ஒட்டி அதன்மேல் கடைசியாக நாலு இழுப்பு.

கிப்பைப் போட்டு இறுக்கியபோது கைச்சில்லு பசை மாதிரித் திரும்பியது. இறுக்கமும் இல்லை, இளக்கமும் இல்லை. எங்கள் அப்பா வெற்றிலைத் தட்டத்தின் மூடியைத் திறக்கும்போது ஒரு மெல்லிய காற்று வெளியேறுமே, கிட்டத்தட்ட அந்தச் சுகம்.

அடுத்தது சின்னச் சறுக்கு. அதைத் திருத்தவில்லை, தூக்கி எறிந்தேன். எனக்குக் கூம்பு கடைய மட்டுமே அது தேவை. நான் வருடத்தில் இரண்டு தரம் கூம்பு கடைந்தால் அதிசயம். அதற்காக எப்போதும் மூன்று மூட்டுகளை உளிக்குக் கீழே சுமந்துகொண்டு திரிவது என்ன நியாயம்? அதன் இடத்தில் ஒரே ஒரு திடமான கட்டையை வைத்தால் மூன்று மூட்டும் ஒரேயடியாகப் போய்விடும். இரும்புக் கட்டையைவிட வார்ப்பிரும்பு நல்லது. அதற்குள் இருக்கும் காரீயச் (கிராபைட்) செதில்கள் அதிர்வை விழுங்கிவிடும். வார்ப்பிரும்புக்கு எங்கே போவது? மூடிக்கிடந்த அரிசி ஆலை ஒன்றின் பெரிய சில்லை உடைத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டிருந்தார்கள். கிலோக் கணக்கில் ஒரு துண்டு வாங்கினேன். அதை இரும்பு வாளால் சதுரமாக அறுக்க இரண்டு பின்னேரம் போனது. மூக்கு, காது, கழுத்துப் பட்டி எல்லாம் கறுப்பு மை. நாலு தாடைச் சக்கில் அந்தக் கட்டையைப் பிடித்து, அதே ஆடுகிற லேத்திலேயே முகத்தைச் சமமாகக் கடைந்து எடுத்தேன். தன் காலுக்குத் தானே செருப்புத் தைத்தது மாதிரி. அடியைக் கரி பூசிப் பூசி ராவி, பழைய சறுக்கு இருந்த அதே இரண்டு போல்ற் துளைகளில் இறுக்கினேன்.

விரலை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. உண்மையாகவே ஒன்றுமில்லை.

அன்று 16 மில்லிமீற்றர் கம்பியை அறுத்தேன். சத்தம் சீராக, வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் பாயும்போது வருமே, அப்படி ஒரு ‘ஸ்ஸ்’. 25 ஐ வைத்தேன். பாதிக்குப் போய் உதறத் தொடங்கியது. நிறுத்திவிட்டேன். உளி உடையவில்லை, ஆனால் வேலையும் முடியவில்லை.

இணையத்தில் இந்த லேத்தைத் திருத்துகிற ஆட்கள் எல்லாரும் முதலில் செய்வது, உள்ளே இருக்கும் நைலோன் பல்சில்லை எடுத்துவிட்டு இரும்புப் பல்சில்லு போடுவது. எனக்கு அதில் உடன்பாடில்லை. உளி சிக்கும்போது ஏதாவது ஒன்று உடையத்தான் வேண்டும். அது மலிவான நைலோனாக இருந்துவிட்டுப் போகட்டுமே. உளியைத் தலைகீழாகப் பின்பக்கத்தில் வைத்து அறுக்கலாம் என்றும் சொல்வார்கள். அதில் விசயம் இருக்கிறது, வளைந்தாலும் உளி கம்பியைவிட்டு விலகித்தான் வளையும். ஆனால் நோய் வேறெங்கோ இருக்க நான் ஏன் படுக்கையைத் திருப்பிப் போட வேண்டும்?

நோய் எங்கே என்று பார்ப்பதற்குள் 2022 வந்துவிட்டது.

மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் மின்வெட்டு. எப்போது வரும், எப்போது போகும் என்று அட்டவணை பார்த்துக்கொண்டுதான் வாழ்க்கை. ஒரு பின்னேரம், இருட்டில், சார்ச் விளக்கைச் செருகுவதற்காக ட்ரான்ஸ்போமரைக் கழற்றிவிட்டு, லேத்தின் வயரைத் தட்டுத்தடவி வேறெங்கோ செருகியிருக்கிறேன். கனடாப் பிளக்கை எங்கள் சொக்கற்றில் நேராகச் செருக முடியாது. அதுவே ஒரு பாதுகாப்பு. ஆனால் என்னிடம் எந்த நாட்டுப் பிளக்கையும் விழுங்கும் அடப்டர் ஒன்று இருந்தது. கரண்ட் வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வழக்கம்போலக் ‘ஓ’ என்று கத்தினார்கள். நான் சுவிச்சைப் போட்டேன். லேத்தின் பின்பக்கத்தில் சீன வெடி ஒன்று வெடித்தது. நீலப் புகை. கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்தால் மின்னணுச் சில்லுகள் பிளந்து கிடந்தன. அவற்றைக் காப்பாற்ற வைத்திருந்த பியூஸ், அவை போனபிறகு ஆறுதலாகப் போயிருந்தது.

இதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நானேதான். அம்மா திரும்பவும் கேட்டார். இம்முறை “ஒண்டுமில்லை” சொல்ல வாய் வரவில்லை. புகை குசினி வரைக்கும் போயிருந்தது.

புதுப் பலகையை வெளிநாட்டில் இருந்து எடுப்பிப்பது அந்த வருடம் நடக்கிற காரியமா? பெற்றோலுக்கே வரிசை. யோசித்துப் பார்த்தால் அந்த மோட்டரிலும் எனக்கு முன்பே மனக்குறை இருந்தது. 25 மில்லிமீற்றர் இரும்பைக் கடைய நிமிடத்துக்கு 380 சுற்றுக் கிட்ட வேண்டும். அறுக்க அதில் பாதி. அந்த மோட்டரோ வேகமாகச் சுற்றும்போதுதான் வீரன். மெல்லச் சுற்றவிட்டால் வலுவும் கூடவே இறங்கிவிடும், விசிறியும் காற்று அடிக்காது, சூடாகும். அறுக்கும் வேலைக்கு வேண்டியது நேர் எதிர்.

கொழும்பில் உடுப்புத் தொழிற்சாலைகள் கழித்துவிடுகிற தையல் மெஷின் சேர்வோ மோட்டர்கள் கைமாற்றாகக் கிடைக்கும். 550 வற், 230 வோல்ற், தூரிகை இல்லை, மெதுவாகச் சுற்றினாலும் வலு விடாது. காலால் மிதிக்கும் தண்டை ஒரு கம்பியால் முழுக்க இழுத்துக் கட்டிவிட்டு, வேகத்தைப் பொத்தானால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிக் கட்டினால் ஓர் ஆபத்து: மின்வெட்டு முடிந்து கரண்ட் வரும்போது யாரும் தொடாமலே லேத் ஓடத் தொடங்கலாம். ஆகவே கரண்ட் போனால் தானாக விழுந்து, கையால் அமத்தினால் மட்டுமே திரும்ப ஏறுகிற சுவிச் ஒன்றை இடையில் போட்டேன். நீங்கள் யாராவது இதைச் செய்தால் அந்தச் சுவிச்சைத்தான் முதலில் வாங்குங்கள், மோட்டரை அல்ல.

மோட்டர் மூன்று சுற்றுச் சுற்ற, சக்கைத் தாங்கிச் சுழலும் தண்டான ஸ்பிண்டில் ஒரு சுற்று என்று கணக்கு வைத்தேன். அதற்குப் புதுப் புளி, அதாவது பெல்ற் ஓடும் சில்லு, வேண்டும். புளி கடைய லேத் வேண்டும். லேத் செத்துக் கிடக்கிறது. திரும்பவும் மல்லாகம்.

ஐயா அலுமினியக் கட்டை ஒன்றைச் சக்கில் போட்டார். மேலே வளையில் ஒரு சேலைன் குழாய் தொங்கியது, ஆசுபத்திரியில் தொங்குமே அதுதான். அதற்குள் மண்ணெண்ணெய். உளியின் நுனியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அலுமினியம் உளியில் ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளது. மண்ணெண்ணெய் விட்டால் ஒட்டாது, முகம் கண்ணாடி மாதிரி வரும். அந்த மணம் கொட்டில் முழுக்க. என் வயதுக்காரர் யாருக்கும் மண்ணெண்ணெய் மணம் வந்தால் மனம் பின்னுக்குப் போய்விடும். அந்தக் காலத்தில் அப்பா இறைப்பு மெஷினுக்கு ஊசிக் குழாயால் நாலு துளி பெற்றோல் அடித்து, கயிற்றை இழுத்து ஸ்ராட் பண்ணி, மெஷின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். வெள்ளைப் புகைக்கு நடுவில் அப்பாவின் சாரம் மட்டும் தெரியும். அந்த நாலு துளியை வீணாக்கினால் அன்றைக்குத் தோட்டம் காயும். ஐயாவிடம் இதைச் சொன்னேன். “ஓமோம்” என்றார், உளியில் இருந்து கண் எடுக்காமல். “அந்தக் காலத்திலை மண்ணெண்ணெய் உப்பிடிச் சொட்ட விட்டிருந்தால் என்னை அடிச்சிருப்பாங்கள்.”

புளியை ஸ்பிண்டிலில் ஏற்ற ஸ்பிண்டிலையே வெளியே எடுக்க வேண்டும். எடுக்கிறதுதான் எடுக்கிறோம், பெயரிங்கையும் மாற்றினால் என்ன? இந்த லேத்தில் வருவது 6206 என்கிற சாதாரணப் பந்துப் பெயரிங். அது பாரத்தைத் தாங்கும், ஆனால் நீளப்பாட்டில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். மரச்சட்டத்தால் சக்கை நெம்பிப் பார்த்தபோது டயல் கேஜ் 0.04 மில்லிமீற்றர் காட்டியது. என் கடைசி நோய் அங்கேதான் இருந்தது. கூம்பு உருளைப் பெயரிங் 30206 க்கு உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, எல்லாம் அதே அளவு. ஸ்ரான்லி வீதியில் வாகனப் பாகக் கடையில் இலக்கத்தைச் சொன்னதும் எடுத்துத் தந்தார்கள். ஒரேயொரு வித்தியாசம்: தடிப்பு 16 க்குப் பதில் 17.25. அந்த 1.25 மில்லிமீற்றர் எங்கேயோ இடம் கேட்கும். வெளிமூடிக்கு ஒரு வளையம் வைத்துத் தூக்க வேண்டும், உள்ளே இடைவளையத்தை அவ்வளவுக்குக் குறைக்க வேண்டும். இதை அளக்காமல் அடித்து ஏற்றினால் பிறகு கழற்றுவதற்குள் தலைமயிர் நரைக்கும்.

அடித்து ஏற்றவும் கூடாது. சுத்தியல் அடி உருளைகளில் தழும்பு போடும். சூடாக்கினால் பெயரிங் விரியும், குளிர வைத்தால் ஸ்பிண்டில் சுருங்கும், இரண்டும் சேர்ந்தால் கையாலேயே போய் உட்காரும். ஸ்பிண்டிலைக் கறள் பிடிக்காமல் பொலித்தீனில் சுற்றி முதல்நாள் இரவே ஐஸ் பெட்டிக்குள், பாரை மீன் துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். காலையில் அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, அவருடைய தாச்சியில் தேங்காய் எண்ணெய் விட்டு அடுப்பை மெல்ல எரியவிட்டேன். பெயரிங் தாச்சியின் அடியில் தொடக்கூடாது. தொட்டால் ஒரு பக்கம் மட்டும் அதிகம் சூடாகும். கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். 100 பாகையைத் தாண்டவிடக் கூடாது. வெப்பமானி இல்லை. ஒரு துளி தண்ணீரைக் கம்பி நுனியில் தொட்டு பெயரிங்கின் மேல் வைத்தேன். ‘சுர்’ என்றதும் அடுப்பை அணைத்தேன்.

கையுறையோடு தூக்கி, பனி பூத்த ஸ்பிண்டிலில் வைத்தேன். வழுக்கிக்கொண்டு இறங்கியது. அடியில் போய் ‘டிக்’ என்று நின்றது. இரண்டு வினாடி. அதற்குப் பிறகு யானை இழுத்தாலும் வராது. எனக்குத் தெரிந்தவரை அந்தக் குசினியில் இவ்வளவு கச்சிதமாகப் பொரிந்தது வேறொன்றும் இல்லை.

அம்மா அன்றைக்கு அந்தத் தாச்சியில் மோர்மிளகாய் பொரித்துவிட்டு, “எண்ணெய் ஒரு மாதிரி மணக்குது மோனை” என்றார்.

கடைசி நட்டை இறுக்குவதுதான் நிதானம் வேண்டிய வேலை. கூம்புப் பெயரிங்குக்கு ஒரு நெருக்கம் கொடுத்து வைக்க வேண்டும். குறைந்தால் ஆட்டம் திரும்ப வரும், கூடினால் வெந்துபோகும். கொஞ்சம் இறுக்கு, இருபது நிமிடம் ஓடவிடு, தலைப்பகுதியில் கையை வை. குளிராக இருந்தால் இன்னும் கொஞ்சம். கை வைக்க முடியாமல் சுட்டால் இளக்கு. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போலத்தான். வெதுவெதுப்பாக வந்த இடத்தில் நிறுத்தினேன். நெம்பிப் பார்த்தால் கேஜின் முள் ஒரு கோட்டின் பாதிகூட நகரவில்லை.

அடித்தளத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். ஷெல் விழுந்து இடிந்த பழைய வீட்டின் முதிரை நிலை ஒன்று கொட்டிலில் கிடந்தது. அதைப் படுக்கப் போட்டு லேத்தை நாலு போல்ற்றால் இறுக்கியிருக்கிறேன். கறையான் தொடாத மரம். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

அன்று பின்னேரம் 25 மில்லிமீற்றர் கம்பியை வைத்தேன். 190 சுற்று. உளியின் நுனிக்கு ஒரு துளி தேங்காய் எண்ணெய். கைச்சில்லை நிறுத்தாமல், ஒரே சீராகத் திருப்பினேன். பயந்து நிறுத்தினால்தான் உளி உரசிச் சூடாகும். சுருள் சின்னச் சின்ன ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டு வெளியே வந்தது. பாதி தாண்டியது. இங்கேதான் முன்பு உதறியது. உதறவில்லை. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து, கடைசியில் மெல்லியதாகி, ஒரு வட்டத் துண்டு தட்டில் விழுந்து சுழன்றது. பத்து ரூபாய்க் குற்றி அளவு. சூடு ஆறுவதற்குள் சேட் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

ஐயா அதைக் கையில் வாங்கினார். பாராட்டுவார் என்று நினைத்தேன். மேசையில் இருந்த இரும்பு அடிமட்டத்தின் விளிம்பைத் துண்டின் முகத்தில் குறுக்கே வைத்து, யன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். நான் பார்த்தேன். இரண்டு ஓரமும் அடிமட்டத்தைத் தொட்டன. நடுவில் நூல் மாதிரி ஒரு வெளிச்சக் கீற்று.

“உளி வளைஞ்சு போயிருக்கு” என்றார். “எவ்வளவு வெளியாலை நீட்டி வைச்சனீர்?”

“இருபது இருக்கும் ஐயா.”

“பதினாலு போதுமே. நீட்டத்தை இரட்டிச்சால் வளைவு எட்டு மடங்கு கூடும், தெரியுமெல்லே?”

தெரியும். படித்திருக்கிறேன். ஆனால் உளியை இறுக்கும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

இன்னொருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் கடைய இருப்பது பக்கத்துத் தோட்டக்காரரின் இறைப்பு மெஷினுக்கு ஓர் இடைவளையம் என்பது அவருக்குத் தெரியும்.

“சரி, பம்புக்குப் போதும்” என்று சொல்லித் துண்டை என் கையில் வைத்துவிட்டு, தன் லேத்தின் சுவிச்சைப் போட்டார்.